கேட்டவருக்குச் சொல்லத் துணிவு வேண்டும்



மதிய உணவு நேரம். சிங்கப்பூரின் ஏதோ ஓர் உணவங்காடி நிலையம். ஒரே அலுவலகத்தில் வேலை செய்யும் நான்கு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களில் ஒருவர் கிறிஸ்தவர். பத்து ஆண்டுகளாக அதே அலுவலகம், அதே நண்பர்கள். பக்கத்தில் இருப்பவர் சாதாரணமாகக் கேட்கிறார்: "அண்ணே, ஞாயிற்றுக்கிழமை காலையில மட்டும் உங்களப் பிடிக்கவே முடியலையே, எங்கதான் போறீங்க?"

அவர் சிரித்துக்கொண்டே சொல்கிறார்: "வீட்டு வேலைதான் தம்பி, வேற என்ன?"

பேச்சு காற்பந்துக்குத் திரும்பிவிடுகிறது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தேவாலயத்தில் பாடகர் குழுவில் நின்று உரக்கப் பாடுகிறவர் அவர். அந்த வாய், ஒரு சின்னக் கேள்விக்கு முன்னால் பொய் சொல்லிவிட்டது. அவரை யாரும் மிரட்டவில்லை. வேலை போய்விடும் என்று யாரும் சொல்லவில்லை. இருந்தும் பயம் வந்தது.

அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது? அதை எப்படிக் கடப்பது? இன்றைய உரையின் பொருள் இதுதான்.

வாள் எடுத்தவர் வாய் திறக்கவில்லை

கிறிஸ்தவ வேதத்தில் இந்தப் பயத்துக்குப் பெயர் போனவர் பேதுரு. கலிலேயாவின் மீனவர். இயேசுவின் சீடர்களில் முந்திக்கொண்டு பேசுகிறவர்.

இயேசு கைது செய்யப்பட்ட இரவில், கெத்செமனே தோட்டத்துக்கு ஆயுதங்களோடும் தீவட்டிகளோடும் ஒரு கூட்டம் வந்தது. பேதுரு பின்வாங்கவில்லை. வாளை உருவினார். பிரதான ஆசாரியரின் வேலைக்காரரான மல்குஸ் என்பவரின் வலது காதை வெட்டிவிட்டார். ஆயுதம் ஏந்திய கூட்டத்தை எதிர்த்து ஒற்றை வாளோடு நின்ற மனிதரைக் கோழை என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால், அதே இரவில் சில மணி நேரம் கழித்து நடந்ததைப் பாருங்கள். பிரதான ஆசாரியரின் வீட்டு முற்றத்தில் கரி நெருப்பு மூட்டிக் குளிர் காய்ந்துகொண்டிருந்தார்கள். பேதுருவும் அங்கே நின்றார். ஒரு வேலைக்காரப் பெண் அவரைப் பார்த்து, நீயும் அந்த மனிதனோடு இருந்தவன்தானே என்று கேட்டாள். அவளிடம் வாள் இல்லை, அதிகாரமும் இல்லை. பேதுரு, அவரைத் தெரியாது என்றார். மறுபடியும் கேட்டார்கள். மறுபடியும் மறுத்தார். மூன்றாவது முறை, உன் பேச்சே உன்னைக் காட்டிக்கொடுக்கிறதே என்றார்கள். அவருடைய கலிலேயப் பேச்சு மறைக்க முடியாததாக இருந்தது. அப்போதும் சத்தியம் செய்து மறுத்தார். சேவல் கூவியது. வெளியே போய் மனம் கசந்து அழுதார்.

வாளுக்கு அஞ்சாதவர் ஒரு கேள்விக்கு அஞ்சினார். இதில் பெரிய உண்மை இருக்கிறது. சண்டை போடும் துணிவு வேறு, உண்மையைச் சொல்லும் துணிவு வேறு. முதலாவது இருப்பவரிடம் இரண்டாவது இருக்கும் என்று எண்ணிவிட முடியாது. விவாதத்தில் பத்துப் பேரை மடக்கக்கூடியவர், தன் பக்கத்து வீட்டுக்காரர் கேட்கும் எளிய கேள்விக்குத் தடுமாறலாம்.

மூன்று பயங்கள்

தம் நம்பிக்கையை அடுத்தவரிடம் சொல்லத் தயங்குவோரை நிறுத்திவைப்பவை பெரும்பாலும் மூன்று பயங்கள்.

முதல் பயம், "கேள்வி கேட்டால் பதில் தெரியாதே" என்பது. உலகில் ஏன் இவ்வளவு துன்பம், மற்ற சமயங்களைப் பற்றி என்ன சொல்கிறாய் என்று கேட்டுவிட்டால் என்ன செய்வது?

யோவான் எழுதிய நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தில் பிறவியிலேயே பார்வையற்ற ஒருவர் வருகிறார். இயேசுவால் பார்வை பெற்ற அவரைப் படித்த மேலோர் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள். உன்னைக் குணமாக்கியவன் ஒரு பாவி என்று அழுத்திச் சொல்கிறார்கள். அந்த மனிதர் அதைப் பற்றித் தமக்குத் தெரியாது என்கிறார். ஆனால், தெரிந்த ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காமல் சொல்கிறார்: முன்பு பார்வை இல்லை, இப்போது இருக்கிறது. அவருடைய பெற்றோரோ, ஜெப ஆலயத்திலிருந்து தள்ளிவைத்துவிடுவார்களோ என்று பயந்து, அவனையே கேட்டுக்கொள்ளுங்கள் என்று நழுவிவிட்டார்கள்.

சாட்சி என்பவர் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் அல்லர். கண்டதைச் சொல்பவர். எல்லாக் கேள்விகளுக்கும் விடை வைத்திருப்பது அவர் வேலையில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொன்னால், தெரிந்ததைச் சொல்லும்போது கேட்பவர் நம்புவார்.

இரண்டாவது பயம், "இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது" என்பது. வீட்டில் மனைவியிடம் எரிந்து விழுகிறவர், அலுவலகத்தில் பொறுமை இழக்கிறவர், கடவுளைப் பற்றிப் பேசினால் பக்கத்தில் இருப்பவர் சிரிக்கமாட்டாரா?

இதற்கும் பேதுருவிடமே பதில் இருக்கிறது. இயேசு உயிர்த்தெழுந்த பிறகு, திபேரியாக் கடற்கரையில் அதிகாலையில் சீடர்களைச் சந்தித்தார் என்று யோவான் எழுதுகிறார். அங்கேயும் கரி நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. மீனும் அப்பமும் இருந்தன. மூன்று முறை மறுத்தவரிடம் மூன்று முறை கேள்வி கேட்கப்பட்டது. ஏன் ஓடினாய் என்றோ, இனிமேல் பயப்படமாட்டாயா என்றோ அந்தக் கேள்வி இல்லை. என்மேல் அன்பு இருக்கிறதா என்பதே கேள்வி. அதன்பின் பேதுருவிடம் பெரும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது.

தவறியவருக்குத் தகுதி போய்விடவில்லை. தம் தவற்றையும் சேர்த்துச் சொல்லக்கூடியவருக்குக் கேட்பவர் நெஞ்சில் இடம் கிடைக்கிறது. "நான் நல்லவன், நீ கெட்டவன்" என்று தொடங்கும் பேச்சை யாரும் விரும்பிக் கேட்பதில்லை. "நானும் விழுந்தவன்தான், எழுப்பிவிடப்பட்டேன்" என்று தொடங்கினால் கேட்பார்கள்.

மூன்றாவது பயம்தான் ஆழமானது. "உறவு முறிந்துவிடுமோ?"

"கொள்ளி வைக்கமாட்டியா?"

தமிழ்க் குடும்பங்களில் இந்தப் பயத்தின் எடை எல்லாருக்கும் தெரியும். இந்துக் குடும்பத்தில் பிறந்த ஓர் இளைஞன் கிறிஸ்துவை ஏற்றுக்கொள்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று ஆண்டுகளாக வீட்டில் சொல்லவில்லை. ஒருநாள் சொல்கிறான். தாயாரின் முதல் கேள்வி கடவுளைப் பற்றியதாக இருக்காது. "அப்ப, நான் செத்தா எனக்குக் கொள்ளி வைக்கமாட்டியாப்பா?" என்றுதான் இருக்கும்.

அந்தக் கேள்விக்கு வேத வசனம் பதிலாகாது. சடங்கைப் பற்றிய வாதமும் பதிலாகாது. அந்தத் தாய் உண்மையில் கேட்பது, "நீ இன்னும் என் பிள்ளைதானா?" என்பதை. சிலுவையில் தொங்கிய வேளையிலும் இயேசு தம் தாயை ஒரு சீடனின் பொறுப்பில் ஒப்படைத்தார் என்று யோவான் எழுதுகிறார். அவரைப் பின்பற்றுகிறவர் தாயைக் கைவிட முடியாது. "நான் உங்க பிள்ளைதாம்மா, கடைசி வரைக்கும் பக்கத்துல இருப்பேன்" என்று சொல்லவேண்டும். சொன்னால் போதாது. மருந்து வாங்கிக் கொடுப்பதிலும், பாலிகிளினிக்குக்கு அழைத்துச் செல்வதிலும், கூட உட்கார்ந்து சாப்பிடுவதிலும் அதைக் காட்டவேண்டும். சடங்குகளில் எதில் பங்குகொள்வது, எதில் இயலாது என்பதையும் சாவு வீட்டில் நாலு பேர் முன்னால் சொல்லி அவமானப்படுத்தாமல், உயிரோடு இருக்கும்போதே அமைதியாகப் பேசிவிடவேண்டும்.

அப்படிப் பேசினாலும் அம்மா அழலாம். அண்ணன் பல மாதங்கள் பேசாமல் இருக்கலாம். துணிவு இருந்தால் வலி இருக்காது என்று யாரும் உறுதி தர முடியாது. தன் நம்பிக்கைக்கு உரிய விலையைத் தானே கொடுப்பவனே துணிவுள்ளவன். அந்த விலையை அடுத்தவர் தலையில் கட்டுபவன் துணிவுள்ளவன் அல்லன்.

வெட்டுப்பட்ட காது

இந்த இடத்தில் அந்தத் தோட்டத்துக்கு மீண்டும் திரும்பவேண்டியிருக்கிறது. பேதுருவின் வாள் எதை வெட்டியது? காதை. காது வெட்டுப்பட்டவன் எப்படிக் கேட்பான்? இயேசு முதலில் செய்தது, அந்தக் காதைத் தொட்டுக் குணமாக்கியதுதான் என்று லூக்கா எழுதுகிறார்.

நம்பிக்கையைப் பகிர்ந்துகொள்கிறேன் என்று கிளம்பி, காதை வெட்டிவிட்டு வருகிறவர்கள் உண்டு. அடுத்தவர் வீட்டுச் சாமி படத்தைப் பழிப்பது, மருத்துவமனைக் கட்டிலில் கிடப்பவர் வலியில் முனகும்போது பயமுறுத்துவது, கடன்பட்டவரிடம் உதவியைக் காட்டி ஆசைகாட்டுவது. இவற்றைத் துணிவு என்று நினைப்பவர்கள் ஏமாந்துபோகிறார்கள். அடுத்தவர் பலவீனத்தில் கைவைப்பது வாளை எடுப்பதற்குச் சமம்.

சிங்கப்பூரில் இது இன்னும் கவனமாக எண்ணவேண்டிய விஷயம். 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, 15 வயதுக்கு மேற்பட்ட குடியிருப்பாளர்களில் புத்த சமயத்தவர் 31.1 விழுக்காடு, சமயம் இல்லை என்றவர்கள் 20 விழுக்காடு, கிறிஸ்தவர்கள் 18.9 விழுக்காடு, முஸ்லிம்கள் 15.6 விழுக்காடு, தாவோ சமயத்தவர் 8.8 விழுக்காடு, இந்துக்கள் 5 விழுக்காடு. எந்தச் சமயமும் பாதியைத் தொடவில்லை. ஒரே மின்தூக்கியில் இவர்கள் எல்லாரும் ஏறி இறங்குகிறார்கள்.

சிங்கப்பூர் அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு, ஒருவர் தம் சமயத்தைக் கடைப்பிடிக்கவும் பரப்பவும் உரிமை தருகிறது. பொது ஒழுங்குக்குக் கேடு வரக்கூடாது என்ற வரம்பும் அதே பிரிவில் இருக்கிறது. 1990இல் நிறைவேறிய சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம், சமயங்களுக்கு இடையே பகையை மூட்டுவோரைக் கட்டுப்படுத்துகிறது. 2019இல் அது திருத்தப்பட்டு வலுவாக்கப்பட்டது. சட்டத்துக்குப் பயந்து வாய்மூடி இருக்கவேண்டும் என்பதில்லை. சட்டம் தடுப்பது வாளை. அன்பான பேச்சை அது தடுக்கவில்லை.

மொழி கற்றவர்கள்

பேசும் துணிவுக்குக் கேட்கும் பணிவு துணை நிற்கவேண்டும் என்பதற்குத் தமிழ் மண்ணிலேயே சான்று இருக்கிறது.

1706ஆம் ஆண்டு ஜூலை மாதம் 9ஆம் நாள், தரங்கம்பாடியில் வந்து இறங்கினார் பார்த்தலோமியு சீகன்பால்கு என்ற ஜெர்மானிய இளைஞர். அப்போது அவருக்கு 24 வயதுகூட முடியவில்லை. வந்தவுடன் மேடை போட்டுப் பேசவில்லை. திண்ணைப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் அ, ஆ எழுதிப் பழகினார். தமிழ் நூல்களைத் தேடிச் சேர்த்தார். தமிழர்களிடம் அவர்களுடைய நம்பிக்கைகளைப் பற்றிக் கடிதம் மூலம் கேள்விகள் கேட்டார். அவர்கள் எழுதிய பதில்களை மொழிபெயர்த்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார்.

அவருக்கு வந்த பெரிய சோதனை, ஊர் மக்களிடமிருந்து வந்ததன்று. தரங்கம்பாடிக் கோட்டையின் டேனிஷ் தளபதியே 1708ஆம் ஆண்டின் இறுதியில் அவரைச் சிறையில் அடைத்தார். நான்கு மாதம் உள்ளே இருந்தார். வெளியே வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். 1715இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி முடிந்தது. 1719இல், 36 வயதில் தரங்கம்பாடியிலேயே காலமானார்.

சிங்கப்பூரிலும் ஒரு சான்று உண்டு. 1887ஆம் ஆண்டு ஜூலையில் சோஃபியா பிளாக்மோர் என்ற ஆஸ்திரேலியப் பெண்மணி இங்கு வந்தார். அடுத்த மாதமே ஷார்ட் ஸ்திரீட்டில் ஒன்பது தமிழ்ச் சிறுமிகளோடு ஒரு பள்ளியைத் தொடங்கினார். இன்றைய மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியின் தொடக்கம் அதுதான். பிறகு மலாய் மொழியைக் கற்றுக்கொண்டு, பெண்களை வெளியே அனுப்பாத பெரனாக்கான் குடும்பங்களின் வாசல்களில் போய் நின்றார். பெண் பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்று திருப்பி அனுப்பிய வீடுகள் பல. அடுத்த வீட்டுக்கு நடந்தார்.

இவர்கள் இருவரும் கேட்பவரின் மொழியைக் கற்ற பிறகே தம் மனத்திலிருந்ததைச் சொன்னார்கள். இன்றைக்கு அலுவலக நண்பரிடம் பேசுவதற்குப் புது மொழி எதுவும் கற்கவேண்டியதில்லை. ஆனால், அவர் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை, அவர் எதற்குக் கவலைப்படுகிறார் என்று தெரியாதவர், அவருடைய மொழியை இன்னும் கற்கவில்லை என்றுதான் அர்த்தம்.

துணிவு எப்படி வருகிறது?

எருசலேம் தேவாலயத்தின் அலங்கார வாசலில், பிறவியிலேயே நடக்க முடியாத ஒருவர் குணம் பெற்ற பிறகு, பேதுருவையும் யோவானையும் ஆலோசனைச் சங்கத்தின் முன்னால் நிறுத்தினார்கள். இயேசுவைத் தண்டனைக்கு ஒப்புக்கொடுத்த அதே அதிகாரம். முற்றத்தில் நடுங்கிய அதே பேதுரு இப்போது நிமிர்ந்து பதில் சொன்னார். படிக்காதவர்கள், சாதாரண ஆட்கள், இவர்களுக்கு இந்தத் துணிவு எங்கிருந்து வந்தது என்று சங்கத்தார் வியந்தார்கள். இவர்கள் இயேசுவோடு இருந்தவர்கள் என்பதையும் கண்டுகொண்டார்கள்.

விடுதலையாகி வந்ததும் சீடர்கள் கூடி என்ன வேண்டிக்கொண்டார்கள் தெரியுமா? மிரட்டுகிறவர்களை அழித்துவிடு என்று கேட்கவில்லை. ஆபத்து வராமல் காப்பாற்று என்றும் கேட்கவில்லை. தொடர்ந்து பேசத் துணிவு கொடு என்று கேட்டார்கள். நேற்றுத்தான் துணிந்து பேசியவர்கள் இன்றைக்கு மறுபடியும் துணிவு கேட்கிறார்கள். அப்படியானால், துணிவு ஒருமுறை வாங்கி வைத்துக்கொள்ளும் பொருளன்று. அன்றாட உணவைப் போல, அன்றன்று கேட்டுப் பெறவேண்டியது.

பிற்காலத்தில் பேதுருவின் பெயரில் உள்ள முதல் கடிதத்தில் ஓர் அறிவுரை இருக்கிறது. உங்கள் நம்பிக்கைக்குக் காரணம் கேட்கிறவருக்குப் பதில் சொல்ல எப்போதும் ஆயத்தமாக இருங்கள், அதைச் சாந்தத்தோடும் மரியாதையோடும் செய்யுங்கள் என்பது அதன் கருத்து. கேட்ட பெண்ணுக்குப் பதில் சொல்லத் தவறியவர், கேட்கிறவருக்குப் பதில் சொல்லுங்கள் என்கிறார். காதை வெட்டியவர், சாந்தமாகச் சொல்லுங்கள் என்கிறார். இரண்டையும் பட்டு அறிந்தவரின் வார்த்தை அது.

முதல் படியாகப் பொய்யை நிறுத்தினால் போதும். எங்கே போகிறீர்கள் என்று கேட்டால், போகிற இடத்தைச் சொல்லலாம். மேலும் கேட்டால் மேலும் சொல்லலாம். கேட்காவிட்டால் நட்பைத் தொடரலாம். கேட்டவர் ஏற்றுக்கொள்வதும் ஏற்காததும் அவருக்கும் கடவுளுக்கும் இடையில் உள்ளது. ஏற்காவிட்டால் நட்பு முறியும் என்றால், அது தொடக்கத்திலிருந்தே நட்பாக இருக்கவில்லை.

நேயர்களே, அந்த உணவங்காடிக்கு மறுபடியும் போய்ப் பாருங்கள். ஒரு வாரம் கழிந்திருக்கிறது. அதே மேசை. மற்ற இருவரும் இன்னும் வரவில்லை. அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொல்கிறார்: "தம்பி, போன வாரம் நீங்க கேட்டதுக்கு நான் உண்மையைச் சொல்லல. ஞாயிற்றுக்கிழமை காலையில நான் சர்ச்சுக்குப் போறேன். இத்தனை வருஷமா சொல்லக் கூச்சமா இருந்துச்சு."

நண்பர் நிமிர்ந்து பார்க்கிறார். "இதுல என்ன அண்ணே கூச்சம்? அங்க போயி என்ன செய்வீங்க?"

"பாடுவோம், வேதம் படிப்போம், வேண்டிக்குவோம். உங்க அம்மா ஆஸ்பத்திரியில இருக்காங்கன்னு சொன்னீங்கல்ல, நேத்து அவங்களுக்காகவும் வேண்டிக்கிட்டேன்."

நண்பர் கொஞ்ச நேரம் பேசவில்லை. தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு, "சாயந்திரம் போறப்ப அம்மாகிட்டச் சொல்றேன்" என்றார்.

அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்கியது.